புனலில் நின்ற தண்ணீர்

பிள்ளையார்பாளையத்தில் விடிந்ததும் தெருவில் பாவு நீட்டுவார்கள். தெருவின் நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, சீவி முடிப்பதற்குள் நாலு தூறல் விழுந்துவிட்டால் தறிக்காரன் வாயில் மண். அதனால் கழி ஊன்றுவதற்கு முன்னால் எல்லோரும் தெருக்கோடியை ஒரு பார்வை பார்ப்பார்கள். அங்கே பாசன ஆபீஸ் கேட்டைத் தள்ளிக்கொண்டு, கோடு போட்ட கண்ணாடி ஜாடியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு கோதண்டபாணி வருவார்.

"இன்னா பாணி, நீட்டலாமா?"

"நான் பேஞ்ச மழைய அளக்கிறவன்பா. பெய்யப் போறதுக்கு இன்னொருத்தரைப் பாரு."

தினம் இதே கேள்வி, இதே பதில். பதிலுக்குப் பிறகு ஜரிகைக் கடை அக்பர் பாய் திண்டில் சாய்ந்தபடி, கோதண்டபாணியின் இழுத்த குரலிலேயே, "நான் தின்ன பிரியாணிய அளக்கிறவன்பா, திங்கப் போறதுக்கு இன்னொருத்தரைப் பாரு" என்பார். தெரு சிரிக்கும். கோதண்டபாணியும் சிரித்தபடி போவார். சிரிப்பே மெதுவாகத்தான் வரும் அவருக்கு. தெரு முழுக்கச் சிரித்து அடங்கிய பிறகு அவருடையது ஆரம்பிக்கும்.

மாகறலுக்கு அப்பால் ஏரிக்கரை ஓரத்து ஊர் அவருடையது. பங்காளிகளோடு பங்கு பிரித்ததில் நிலம் துண்டு துண்டாகப் போனபோது, அவர் பாசன ஆபீஸில் மதகு, மழை அளவு பார்க்கிற லஸ்கர் வேலைக்கு வந்துவிட்டார். தங்கை லோகாம்பாள் அதே ஊரில் பழனிக்கு வாழ்க்கைப்பட்டு, ஏரிக்கரைக்குக் கீழேயே குடியிருந்தாள். அண்ணன் தங்கை இரண்டே பேர். தாய் தகப்பன் போன பிறகு, அவர் மனைவி அலமு சொல்வதுபோல, "இவரு உசுரு பாதி இங்க, பாதி அந்த ஏரிக்கரை அடியில."

ஆபீஸ் வளாகத்தின் நடுவில் முள்கம்பி வேலிக்குள் மழைமானி இருந்தது. சிமென்ட் மேடை, அதன்மேல் ஒரு செம்பு உருளை, தலையில் பித்தளை விளிம்பு வைத்த புனல். புனலில் விழுகிற மழை உள்ளே இருக்கும் பாட்டிலில் இறங்கும். காலையில் பாட்டிலை ஜாடியில் கவிழ்த்துப் பார்த்து, எத்தனை என்று எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான். அதைக் கோதண்டபாணி அர்ச்சனை செய்வதுபோலச் செய்வார். சொட்டு வெளியே தெறித்தால் முகம் வாடிவிடும்.

எழுபத்துநாலில் வானம் பொய்த்தது. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டார்கள். சாயம் போடத் தண்ணீர் இல்லாமல் பட்டு மூட்டை கட்டிக் கிடந்தது. அந்தக் கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை, தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த அலமு எழுந்து போய், மழைமானியின் வயிற்றில் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, விளிம்பில் முழப் பூவைச் சுற்றிவிட்டு வந்தாள்.

கோதண்டபாணி பதறினார். "ஏம்மா, அது கவர்மென்ட் சாமான்!"

"இருக்கட்டுமே. மழையெல்லாம் அதுக்குள்ளதான் வந்து எறங்குதுன்னு நீதானே சொன்ன? வாயத் தொறந்துக்கினு வானத்தையே பாத்துக்கினு நிக்குது, பாவம். அதுக்கும் ஒரு பூ வெச்சா இன்னா கொறஞ்சிப் பூடும்?"

மறுநாள் ஊரை நனைக்கிற அளவுக்கு ஒரு தூறல் போட்டது. போதாதா? அடுத்த வெள்ளி தெருவே திரண்டு வந்தது. மஞ்சள் அரிசி தூவினார்கள், சாமந்தி உதிர்த்தார்கள், புனலில் குடம் சாய்த்து அபிஷேகம் செய்தார்கள். அவர் கேட்டைப் பூட்டினால் வேலியில் புகுந்து வந்தார்கள். கடைசியில் அவர் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்: பூ வைக்கலாம், பொட்டு வைக்கலாம், தண்ணீர் மட்டும் ஊற்றக் கூடாது. பெண்கள் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் என்ன கஷ்டம்?

மறுவருஷம் வைகாசியில் மெட்ராஸிலிருந்து ஜீப் வந்தது. இறங்கியவர் சீனிவாசன், ரேடார் ஆபீஸர். ஒல்லி, சோடாப்புட்டிக் கண்ணாடி, பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். மானியின் பொட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், பிறகு சிரித்தார்.

"கேளும் கோதண்டபாணி. மெட்ராஸ்ல எங்க மெஷின் வானத்துல அலை அனுப்பறது. மழைத்துளி மேல பட்டு அது திரும்பி வரும். எவ்வளவு திரும்பி வரதோ அதை வெச்சு, எங்கே எவ்வளவு பெய்யறதுன்னு கணக்குப் போடறோம். மானி இல்லாத காடு, மலை, ஏரி எல்லாத்துக்கும் சேர்த்து. எந்த ஏரிக்கு எவ்வளவு தண்ணி வரப்போறதுன்னு முன்னாடியே சொல்லிடலாம். ஆனா ஒண்ணு, எங்க கணக்கு குத்துமதிப்பு. கூடவும் காட்டும், குறைச்சும் காட்டும். தரையில ஒரு மானி இவ்வளவுன்னு சொன்னாத்தான் நாங்க திருத்திக்க முடியும். தராசு எங்களோடது, படிக்கல் உம்மோடது. இந்தப் பக்கத்துக்கே போன் வெச்ச மானி உம்மது ஒண்ணுதான். புரியறதா?"

புரிந்தது. பட்டு நிறுக்கிற ஊரில் படிக்கல் என்றால் என்ன என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். அன்றைக்குச் சாயங்காலம் கோதண்டபாணி கொஞ்சம் நிமிர்ந்தே வீட்டுக்குப் போனார்.

நிமிர்ந்த முதுகு ஆடி வரைக்கும்கூட நிற்கவில்லை. ஆனிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை பாட்டிலைக் கவிழ்த்தால் நல்ல தண்ணீர். ராத்திரி தூங்கும்போது பெய்திருக்கும் என்று நினைத்து மெட்ராஸுக்குப் போனில் சொன்னார். அந்தப் பக்கம் யாரிடமோ திரையைப் பார்க்கச் சொல்வது கேட்டது. பிறகு சீனிவாசன் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏன்யா, நேத்திக்கு மெட்ராஸ்லேர்ந்து ஆற்காடு வரைக்கும் ஒரு மேகம் கிடையாது. எங்க திரை துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. காஞ்சிபுரத்துல உம்ம மானிக்கு மட்டும் தனியா பெய்யறதோ?"

வெள்ளிக்கிழமை அபிஷேகம். அலமுவின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. விஷயம் அக்பர் பாய் காதுக்குப் போனது. "உம்ம மானிக்கு மட்டும் தனியா பெய்யறதோ" என்று அந்த மெட்ராஸ் குரலிலேயே அவர் சொல்லிக்காட்ட, தெரு ஒரு மாதம் அதை வைத்துப் பிழைத்தது. பாவு நீட்டுகிற பொடிசுகள் வரை, "பாணி மாமா, உனுக்கு மட்டும் பெய்யறதோ?" என்றார்கள்.

கோதண்டபாணிக்கு இந்த முறை சிரிப்பு மெதுவாகக்கூட வரவில்லை. படிக்கல்லில் மண் ஒட்டிய மாதிரி இருந்தது அவருக்கு. அன்றிலிருந்து தனக்குத்தானே ஒரு விதி வைத்துக்கொண்டார். மழை சொட்டுச் சொட்டாக இறங்கிவிடும்; பாட்டிலுக்குப் போகாமல் புனலில் தண்ணீர் நின்றால், அதுவும் மஞ்சளாக இருந்தால், அது பெண்கள் ஊற்றியது. அதை வெளியே கொட்டிவிட வேண்டும். சாமிக்கு ஊற்றியதைச் சர்க்கார் கணக்கில் சேர்க்கக் கூடாது. யாரும் பார்க்காதபோதும் அந்த விதியை அவர் மீறியதில்லை. மழைக்காலம் தொடங்கிய பிறகும் இரண்டு தடவை அப்படிக் கொட்டினார். இரண்டு தடவையும் மெட்ராஸ் கணக்கு அவர் சொன்னதோடு ஒட்டிவந்தது. "பேஷ்" என்றார் சீனிவாசன்.

கார்த்திகையில் புயல் சின்னம் என்று ரேடியோ சொன்னது. வெள்ளி விடியும்போதே மழை பிடித்துவிட்டது. தெருவில் கழிகள் சுவரோரம் சாத்திக் கிடந்தன. தறிக்குழிகளில் ஊற்று எடுத்து, மிதிகட்டை மிதந்தது. இருந்தாலும் பெண்கள் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மானிக்கு வந்தார்கள். போன வருஷம் கேட்டதைக் கொடுத்த தெய்வத்துக்கு நன்றி சொல்லாமல் இருக்கலாமா? இரண்டு கை மஞ்சள் அரிசி, ஒரு கூடை சாமந்தி, மஞ்சள் கரைத்த குடம். கோதண்டபாணி ஜன்னலில் நின்று பார்த்தார். இந்த மழையில் போய் சண்டை போடுவானேன் என்று விட்டுவிட்டார்.

புயல் நாளில் மூன்று வேளை அளக்க வேண்டும். மத்தியான அளவுக்குப் போனபோது புனல் விளிம்பு வரை மஞ்சள் தண்ணீர். முணுமுணுத்துக்கொண்டே அதை வெளியே சாய்த்தார். பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றி வேலியோரம் வைத்தார். பாட்டிலைப் பார்த்தால் அடியில் கொஞ்சம்தான். இவ்வளவு சத்தம் போட்டுப் பெய்ததே என்று ஒரு நிமிஷம் நின்றார். தகரக்கூரை மேல் விழுந்தால் எந்த மழையும் பெரிய மழைதான் என்று தோன்றியது.

போனில் சீனிவாசனின் குரல் வழக்கம்போல இல்லை. "கோதண்டபாணி, உங்க பக்கம் திரை வெள்ளையாக் கொதிக்கறது. நீர் சொல்ற அளவு ரொம்பக் குறைச்சலா இருக்கே. மானியைச் சரியாப் பார்த்தீரா?"

கோதண்டபாணிக்குக் காது சுட்டது. மறுபடி ஆரம்பிச்சுட்டார் என்று நினைத்தார்.

"சார், ஒரு சொட்டு கூட சேக்கல, ஒரு சொட்டு கொறைக்கல. மானி இன்னா சொல்லுதோ அதத்தான் சொல்றேன்."

"சரி... சரி. இந்த மாசம் பூரா உம்ம அளவு ஒத்துத்தான் வந்திருக்கு. எங்க மெஷின்தான் இன்னிக்கு மிகைப்படுத்தறது போல இருக்கு."

ஏரி ஆட்களுக்கு எச்சரிக்கை சொல்வதற்காக எடுத்து வைத்திருந்த கணக்கு முழுவதையும், அந்த ஒரு பாட்டிலை வைத்து மெட்ராஸில் கீழே இறக்கினார்கள்.

கொஞ்ச நேரத்தில் தங்கை புருஷன் பழனி வந்து நின்றான். அந்த மழையில் ஓடிய கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தான். தொப்பலாக நனைந்து, பல் கிட்டியது.

"மச்சான், ஏரி ரொம்பி கலங்கல் மேல முழங்கால் தண்ணி வழிஞ்சி போவுது. கர ஊறிக்கினு கெடக்குது. இருக்கிற தண்ணி கண்ணுக்குத் தெரியுது, மேல்கொண்டு வரப்போற தண்ணி தெரியலையே? மேல் ஏரிங்க பக்கம் எவ்ளோ பேஞ்சிருக்குதுன்னு ஒன் மெஷின்காரர கேட்டுச் சொல்லு. எந்திரிச்சி ஸ்கூலாண்ட போவணும்னா இப்பவே போவணும். கெழம் கட்டையெல்லாம் இருக்குது. தெருவே என் வாயைப் பாத்துக்கினு இருக்குது."

கோதண்டபாணி திரும்பவும் மெட்ராஸைக் கூப்பிட்டார். "மாகறலுக்கு மேற்கே எப்படி சார்?"

காகிதம் புரள்கிற சத்தம். "உம்ம அளவை வெச்சுத் திருத்தினதுல, சாதாரண மழைதான்யா. ஏரிக்கு ஆபத்து இருக்கிற மாதிரி தெரியலை."

போனை வைத்தார். அந்த வாக்கியத்தின் முதல் பாதி அவர் காதில் விழுந்தது. மனசில் நின்றது இரண்டாம் பாதி.

"சாதாரண மழைதானாம் பழனி. ரேடார்லயே சொல்லிட்டாங்க. நீ போய் எல்லாரையும் பயப்படாம இருக்கச் சொல்லு. லோகுவக் கேட்டதா சொல்லு."

பழனியின் முகம் அப்படியே இளகியது. "அப்பாடா. மெஷினே சொல்லிச்சின்னா சரி. வீட்ல மெதுபக்கோடா போடச் சொல்லிட்டு வந்தேன், ஆறிடும்." அலமு கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டு, அந்தப் பக்கம் போகிற லாரியில் தொற்றிக்கொண்டு போனான்.

அடுத்த அளவு சாயங்காலம். நடுவில் பெண்கள் வந்துவிடக் கூடாது என்று கேட்டைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு, கோதண்டபாணி தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு நாய்கூட உள்ளே வரவில்லை. நேரம் வந்ததும் குடையோடு போனார்.

புனல் விளிம்பு வரை மஞ்சள் தண்ணீர்.

கையைச் சாய்க்கப் போனவர் அப்படியே நின்றார். விரலைத் தண்ணீருக்குள் விட்டார். புனலின் தொண்டையில் அரிசி ஊறி, சாமந்தி இதழோடு சேர்ந்து களிபோல இறுகிக் கிடந்தது. கம்பியால் குத்தினார். கட்டி உடைந்ததும், தண்ணீர் பாட்டிலுக்குள் மடமடவென்று இறங்கியது. விளிம்புக்கு வெளியே வழிந்து போனது எவ்வளவோ, மத்தியானம் தன் கையால் கொட்டியது எவ்வளவோ. காலையிலிருந்து மானியின் தொண்டை அடைத்திருந்திருக்கிறது. குறைத்துச் சொன்னது அவர். அவர் சொன்னதை நம்பி மெஷினைக் குறைத்தார்கள். அந்தக் குறைத்த கணக்கைத்தான் அவர் பழனியிடம் மெஷின் சொன்னதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

குடை எங்கே விழுந்தது என்று தெரியாது. ஆபீஸுக்குள் ஓடி எக்ஸ்சேஞ்சுக்கு போனைச் சுழற்றினார்.

"மெட்ராஸ் குடுமா! அவசரம்மா!"

"மெட்ராஸ் லைன் படுத்துடுச்சி சார். மரம் விழுந்து கெடக்குதாம்."

"மாகறல்?"

"அதும் இல்ல சார். எந்த லைனும் இல்ல."

சைக்கிளை எடுத்தார். ஓரிக்கை தாண்டுவதற்குள் சாலை தெரியவில்லை, அங்கங்கே மைல்கல்லின் தலை தெரிந்தது. ஆற்றங்கரையில் ஜனம் கூடி நின்றது. பாலத்தின்மேல் தண்ணீர் ஓடியது. "பைத்தியமா உனுக்கு?" என்று யாரோ சைக்கிளைப் பிடித்து இழுத்தார்கள். வெளிச்சம் மங்கும் நேரம். அந்தக் கரையிலிருந்து ஒருவன் கையை வாயில் குவித்துக் கத்தினான். ஒவ்வொரு வார்த்தையாகக் காற்றில் வந்தது. ஏரி. உடைஞ்சி. போச்சி.

தண்ணீர் வடிந்து கோதண்டபாணி ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, மிஞ்சினவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். பழனி இல்லை. மாட்டை அவிழ்த்துவிடப் போனவன் திரும்பவில்லை. தெருவில் இன்னும் சிலரும், பெரும்பாலும் வயசானவர்கள், இல்லை. லோகாம்பாள் வகுப்பறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாருடையதோ புடவை. அண்ணனைப் பார்த்ததும் ஒரு கிழவர் எகிறினார்.

"வந்துட்டான்யா மெஷின்காரன்! பயப்படாத, இருன்னு சொல்லி அனுப்சவன்!"

லோகாம்பாள் அழுத தொண்டையோடு சீறினாள். "எங்க அண்ணன் இன்னா பண்ணும்? மெஷின் சொன்னத சொல்லிச்சி. அந்த மெட்ராஸ் மெஷின் நாசமாப் போவ. எங்க அண்ணன சொல்லாதீங்க."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கரும்பலகையைப் பார்த்தபடி, கோதண்டபாணி எல்லாவற்றையும் சொன்னார். அரிசி, பூ, புனல், கொட்டிய தண்ணீர். மெதுவான குரல் இன்னும் மெதுவாகிக்கொண்டே போனது. அவர் முடித்ததும் அவள் நகத்தால் தரையைக் கீறினாள்.

"இத வேற யாருக்கு சொன்ன?"

"யாருக்கும் இல்லமா. சீனிவாசன் சார்கிட்ட சொல்லணும். மெஷின் மேல தப்பு இல்லன்னு..."

"சொல்லாத."

"லோகு..."

"அவருதான் வூடு வூடாப் போயி, எம் மச்சான் சொல்லிட்டாரு, இருங்கன்னு சொன்னாரு. பக்கோடா தின்னுக்கினே சொன்னாரு. ரெண்டு பேரு பொட்டிய கட்டிட்டாங்க, அவங்களையும் நிறுத்தினாரு. மெஷின் பொய் சொல்லிச்சின்னா நான் இந்த ஊர்ல இருந்துக்குவேன். நீதான்னு தெரிஞ்சா, இவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? அவரு செத்தும் திட்டு வாங்கணுமா?" பிறகு, அவரைப் பார்க்காமலே சொன்னாள். "எனுக்குத் தெரிஞ்சிடுச்சில்ல? அது போதும். நீ போ."

லைன் சரியானதும் முதல் போன் சீனிவாசனிடமிருந்து வந்தது. சிரிப்பு, பேஷ், ஏன்யா, எதுவும் இல்லாத குரல்.

"கோதண்டபாணி, மேல கேக்கறா. ரேடார் கணக்கை நம்பி ஏரிக்கு எச்சரிக்கை தரலாமா கூடாதான்னு இதை வெச்சுத்தான் முடிவு பண்ணப் போறா. திருத்தாத கணக்கு சரியா இருந்திருக்கு. திருத்தினதுதான் தப்பாப் போச்சு. உம்ம மானி அன்னிக்கு சரியா இருந்துதா? யோசிச்சுச் சொல்லும். உம்மேல கோபம் இல்லை. இருந்துதா, இல்லையா?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள். கோதண்டபாணி போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"சரியாத்தான் இருந்துச்சி சார்."

அந்தப் பக்கம் பேனா கீறுகிற சத்தம் கேட்டது.

"அப்போ எங்க மெஷின்தான் இடத்துக்கு இடம் மாத்திக் காட்டறது," என்றார் சீனிவாசன். "சரி. வெச்சுடறேன்."

அதற்குப் பிறகு மெட்ராஸிலிருந்து போன் வரவில்லை. ஏரிகளுக்கு முன்கூட்டிச் சொல்லும் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். சீனிவாசனை வடக்கே எங்கேயோ மாற்றிவிட்டார்களாம். மானிக்குக் கோதண்டபாணி வலைமூடி போட்டார், வேலியை உயர்த்தினார். அலமுவிடம் காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். அக்பர் பாய் ஒருநாள் பழைய மெட்ராஸ் குரலை எடுத்தார். கோதண்டபாணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பாதியில் இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் மேகம் கறுத்தால், கோதண்டபாணி லீவு சொல்லிவிட்டு சைக்கிளில் அந்த ஊருக்குப் போவார். உடைந்த கரையை மண்போட்டு உயர்த்தியிருந்தார்கள். கீழே மறுபடியும் வீடுகள் வந்திருந்தன. அவர் தெருவில் நின்று, "எந்திரிங்கபா, ஸ்கூலாண்ட போயிடுங்க, பெரிய மழை வருது" என்பார். பாதி நாள் தூறலோடு வெளுத்துவிடும். நாலைந்து தடவைக்குப் பிறகு ஊர் பழகிவிட்டது. இளவட்டங்கள் அவர் சைக்கிள் மணி கேட்டதுமே மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர் மாதிரியே இழுத்து, "எந்திரிங்கபா, பாணி வந்துட்டாரு, மானம் கிழியப் போவுது" என்று கத்துவார்கள். பள்ளிக்கூடத்தில் எகிறிய கிழவர் வாசலில் இருந்தபடி, "அன்னிக்கு இருன்னான், இன்னிக்கு எந்திரின்றான்" என்று துப்புவார். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

லோகாம்பாள் மட்டும் எழுந்திருப்பாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை பேச மாட்டாள். வா என்றும் இல்லை, போ என்றும் இல்லை. அடுப்பை அணைப்பாள், ஆட்டை அவிழ்ப்பாள், மாற்றுப் புடவையை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, வானம் வெளுத்திருந்தாலும் சரி, பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடப்பாள். கோதண்டபாணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்தடி பின்னாலேயே போவார்.